டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் மூன்று நாளைச் சென்னைத் திரைப்பட விழாவுக்கு ஒதுக்குங்கள்

பள்ளி விடுமுறையில் ஊருக்குக் கிளம்பும் நம் குடும்பங்களுக்கு வேலைகள் ஏற்கெனவே எழுதி வைத்ததுபோல் இருக்கும்: தி.நகரில் துணிமணி, குலதெய்வம் கோயில், ஒரு கல்யாணம், பெரியம்மா வீடு, சித்தப்பா வீடு. அதே நாட்களில் ராயப்பேட்டையில் உலகப் படங்கள் ஓடிக்கொண்டிருப்பது சிங்கப்பூரில் பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவை 2003 முதல் இந்தோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு நடத்தி வருகிறது. டிசம்பர் நடுவாக்கில் எட்டு நாள். 2024இல் 22ஆவது விழா 12ஆம் தேதி வியாழக்கிழமை தொடங்கி 19 வரை நடந்தது. சிங்கப்பூர்த் திரைப்பட விழா டிசம்பர் தொடக்கத்திலேயே முடிந்துவிடுவதால், அதையும் பார்த்துவிட்டு இதற்கும் போகலாம்.

இங்கே ஒவ்வொரு படத்துக்கும் இருக்கை எண்ணோடு டிக்கெட் வாங்கிப் பழகிய நமக்கு அங்குள்ள முறை புதிது. ஒரு முறை பணம் கட்டி டெலிகேட் பாஸ் வாங்கிக்கொண்டால் போதும், விழா முடியும்வரை எந்தப் படத்துக்கும் போகலாம். சென்ஸார் சான்றிதழ் இல்லாத வெளிநாட்டுப் படங்களுக்கு விலக்கு கிடைப்பதே பதிவு செய்தவர்களுக்கு மட்டும் காட்டுகிறோம் என்ற நிபந்தனையில்தான். அதனால் பாஸ் இல்லாத மச்சானை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். சென்ஸார் ஆகாத படங்கள் என்பதால் பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

பாஸ் இருந்தாலும் இருக்கை உறுதியில்லை, முந்தி வருபவருக்கே இடம். பேசப்படும் படம் என்றால் முக்கால் மணி நேரம் முன்னதாகவே வரிசையில் நின்றுவிடுங்கள். அந்த வரிசைக்காகவே நான் மறுபடி மறுபடி போகிறேன். ஒரு முறை எனக்கு முன்னால் நின்ற பெரியவர், நான்காய் மடித்த அட்டவணையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். பச்சைப் பேனாவால் ஒரே வட்டமாய்ப் போட்டு வைத்திருந்தார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “தம்பி, நாலு மணிக்கு இருக்கிற ஈரான் படத்தை விட்டுடாதீங்க. சாப்பாட்டை வேணா விடுங்க” என்றார். சாப்பாட்டை விட்டேன். படம் முடிந்து விளக்கு எரிந்தபோது அரங்கில் கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. வெளியே வந்ததும் முன்பின் தெரியாத ஐந்தாறு பேர் அந்தப் படத்தைப் பற்றித் தமிழில் சண்டை போட்டோம். சிங்கப்பூரில் எனக்குக் கிடைக்காதது அது.

தமிழ்ப் படங்களுக்குத் தனிப் போட்டி உண்டு. பெரிய நடிகர்கள் இல்லாத சின்னப் படங்கள் இங்குள்ள திரையரங்குகளுக்கு வருவது அரிது, வந்தாலும் ஓரிரு நாளில் போய்விடும். அவற்றை அங்கே பார்க்கலாம். பல நேரம் இயக்குநரே முன்னால் வந்து நிற்பார், கேள்வி கேளுங்கள். மற்ற படங்களைவிட இவற்றுக்கு முதலிடம் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

அண்மை ஆண்டுகளில் பெரும்பாலான காட்சிகள் ராயப்பேட்டை சத்யம் வளாகத்தில் நடந்தன. கிளம்புமுன் அந்த ஆண்டின் அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் மெட்ரோ ஏறினால் நீல வழித்தடத்தில் மாறாமல் எல்ஐசி நிலையம் வரலாம், அங்கிருந்து ஆட்டோ. கிராப் அங்கே கிடையாது, ஊபர் உண்டு. கைப்பேசியில் பணம் செலுத்தும் நம் பேநவ் அங்குள்ள கடைகளில் செல்லாது, எனவே பத்து, ஐம்பது ரூபாய்த் தாள்கள் கையில் இருக்கட்டும். சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் இ-விசாவுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். நம் சதுர முள் சார்ஜர் அங்குள்ள வட்டத் துளைகளில் நுழையாது.

வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் கொட்டும். தெருவில் தண்ணீர் நிற்கும், ஷூவைவிட ரப்பர் செருப்பு நல்லது. அரங்கத்துக்குள் குளிரும், ஒரு சால்வை வேண்டும்.

சாப்பாட்டுக்கு நடந்தே போய் வரும் தூரத்தில் உணவகங்கள் உண்டு. கொஞ்சம் நேரம் இருந்தால் மியூசிக் அகாடமி என்ற கச்சேரி அரங்கின் பக்கம் போங்கள். மார்கழிக் கச்சேரி நாட்களில் சபா கேண்டீன் திறந்திருக்கும், வாழை இலையில் சாப்பிடலாம்.

ஒரு நாளைக்கு மூன்று படம் போதும். நான்காவது படத்தில் கண் சொருகிவிடும். பரிசளிப்பு கடைசி நாள் மாலை நடக்கும், அதனால் திரும்பும் விமானத்தை மறுநாளுக்குப் போடுங்கள்.