கொழும்பிலிருந்து விம்பிள்டன் ஆடவர் ஒற்றையரை முழுமையாகப் பின்தொடர்வது எப்படி

லண்டனில் நடக்கும் விம்பிள்டன் டென்னிஸ் போட்டியின் ஆடவர் ஒற்றையர் பிரிவில் 128 வீரர்கள் ஆடுகிறார்கள். தோற்றவர் அத்தோடு வெளியேறுவதால், ஏழு சுற்றுகளில் 127 ஆட்டங்களோடு எல்லாம் முடிந்துவிடும். நம்மவர்களில் பலர் கடைசி ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, வென்றவர் எப்படி அந்த இடம்வரை வந்தார் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கான விடையில் பாதி, போட்டி தொடங்குவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை குலுக்கலில் தீர்மானிக்கப்படும் ஆட்ட அட்டவணையிலேயே இருக்கிறது. மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய ஒருவர் இரண்டு கிழமையும் கண் விழித்திருக்க முடியாது. எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று அவருக்குச் சொல்லித் தருவது அந்தத் தாள்தான்.

விம்பிள்டனின் இணையத்தளத்திலேயே அட்டவணை இலவசமாகக் கிடைக்கும். கைப்பேசித் திரையில் அதை வாசிப்பது வீண் வேலை. காலி வீதியில் உள்ள ஏதேனும் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் ஏ3 தாளில் அச்சிட்டுக்கொண்டு, ஓர் அடிமட்டத்தை வைத்து 16 வரிகளுக்கு ஒரு கோடாக இழுத்தால் எட்டுப் பகுதிகள் வரும். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒருவர் காலிறுதிக்கு வருவார். இனி 128 பெயர்களை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. எட்டு வீடுகள், ஒவ்வொரு வீட்டிலும் 16 பேர் என்று நினைத்துக்கொண்டால் போதும்.

அடுத்து, பெயருக்கு அருகில் எண் உள்ள வீரர்களைப் பாருங்கள். இவர்கள் போட்டித் தரநிலை பெற்ற, அதாவது மிகப் பலமானவர்கள் என்று முன்கூட்டியே வரிசைப்படுத்தப்பட்ட, 32 பேர். 2001 முதல் இந்த எண்ணிக்கையே இருந்துவருகிறது. ஒவ்வொரு வீட்டிலும் நால்வர் இருப்பார்கள்: முதல் எட்டுக்குள் ஒருவர், 9 முதல் 16 வரை ஒருவர், 17 முதல் 24 வரை ஒருவர், 25 முதல் 32 வரை ஒருவர். முதல் எட்டில் உள்ளவர் மூன்றாம் சுற்றில் 25க்கும் 32க்கும் இடைப்பட்ட ஒருவரைச் சந்திக்கும்படியும், மற்ற இருவரும் தங்களுக்குள் மோதும்படியும் இடங்கள் ஒதுக்கப்படும். முதலாம், இரண்டாம் தரநிலை வீரர்கள் எதிரெதிர்ப் பாதிகளில் வைக்கப்படுவதால் இறுதிக்கு முன் ஒருவரையொருவர் காண மாட்டார்கள். ஆகவே முதல் இரண்டு சுற்றுகளில் பெரிய பெயர்கள் இரண்டு மோதுவதற்கு வழியே இல்லை. தரநிலை இல்லாத ஆபத்தான ஒருவர் எந்த வீட்டில் விழுந்திருக்கிறார் என்பதையே அந்த நான்கு நாட்களும் கவனிக்க வேண்டும்.

யாருடைய பாதையில் யார் நிற்கிறார் என்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதற்குத் தமிழ் வாசகருக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. சென்னையின் ராமநாதன் கிருஷ்ணன் 1960இலும் 1961இலும் அரையிறுதிவரை போனார். முதல் ஆண்டில் நீல் பிரேசரிடமும் அடுத்த ஆண்டில் ராட் லேவரிடமும் தோற்றார். இருவருமே அந்தந்த ஆண்டின் சம்பியன்கள்.

தாளை நிரப்பப் பென்சிலையே பயன்படுத்துங்கள். 2025இல் நான் முன்கூட்டியே மூன்றாம் சுற்று வரை பேனையால் எழுதிவைத்திருந்தேன். தொடக்கச் சுற்றிலேயே தரநிலை பெற்ற 32 பேரில் 13 பேர் வெளியேற, செவ்வாய்க்கிழமை இரவு தாள் முழுவதும் குறுக்குக் கோடுகளாகி, வேறொன்று அச்சிட வேண்டியதாயிற்று. இப்படி ஒரு தரநிலை வீரர் விழுந்ததும் அந்த வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அவருக்கு எதிரே காத்திருந்தவருக்குப் பாதை திறந்துவிட்டது என்பதற்கான அடையாளம் அது.

பெயர்களுக்கு அருகில் சில எழுத்துகளும் இருக்கும். ‘கியூ’ என்றால் ரோஹாம்ப்டனில் நடக்கும் தகுதிச் சுற்றுகளில் மூன்று ஆட்டங்களை வென்று வந்த 16 பேரில் ஒருவர். ‘டபிள்யூசி’ என்றால் ஏற்பாட்டாளர்களின் சிறப்பு அழைப்பில் வந்தவர். ‘எல்எல்’ என்பவர் தகுதிச் சுற்றில் தோற்றும், வேறொருவர் விலகியதால் இடம் பெற்றவர். சிறப்பு அழைப்புக்காரரை அலட்சியம் செய்ய வேண்டாம்: 2001இல் உலகத் தரவரிசையில் 125ஆம் இடத்திலிருந்த கொரான் இவானிசெவிச் அப்படி உள்ளே வந்து, ஏற்கனவே மூன்று இறுதிகளில் தோற்றிருந்த அதே அரங்கில், பற் ராப்டரை ஐந்து செட்களில் வென்று கிண்ணத்தைத் தூக்கினார்.

இப்போது நேரம். கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னால் நிற்கும். வெளி ஆடுகளங்கள் அங்கு காலை 11 மணிக்குத் தொடங்குகின்றன. நமக்கு அது பிற்பகல் 3.30. முதலாம் இலக்க அரங்கு மாலை 5.30க்கும், மத்திய அரங்கு 6 மணிக்கும் தொடங்கும். அங்கு இரவு 11 மணிக்குமேல் ஆட அனுமதியில்லை என்பதால் நமக்கு எல்லை அதிகாலை 3.30. கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் நெரிசலோடு வந்து, முகம் கழுவி, ஒரு பிளேன்டீயோடு உட்காரும்போது மத்திய அரங்கின் முதல் ஆட்டம் இரண்டாவது செட்டில் இருக்கும். அதையும் அடுத்ததையும் பார்க்கலாம். மூன்றாவது ஆட்டத்தை வார நாட்களில் விட்டுவிடுங்கள். காலையில் புள்ளிகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

தூக்கத்தை எங்கே செலவழிப்பது என்று என்னைக் கேட்டால், மூன்றாம் சுற்று என்பேன். அது வெள்ளியும் சனியும் நடக்கிறது. தரநிலை வீரர்கள் முதன்முறையாக ஒருவரையொருவர் சந்திக்கும் சுற்றும் அதுவே. அதற்கடுத்த சுற்று ஞாயிறும் திங்களும் வரும். நடு ஞாயிறு ஓய்வு நாளாக இருந்த வழக்கம் 2022இலிருந்து இல்லை. காலிறுதிகள் செவ்வாய், புதன். ஜூலைப் போயா விடுமுறை எந்த நாளில் விழுகிறது என்று நாட்காட்டியில் முன்கூட்டியே பார்த்து வைப்பது புத்திசாலித்தனம். 2025இல் அது வியாழக்கிழமை வந்ததால் புதன் இரவுக் காலிறுதியை நிம்மதியாகப் பார்க்க முடிந்தது.

படம் இல்லாமல் புள்ளிகளை மட்டும் வாசிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். மின்வெட்டு அட்டவணையோடு வாழ்ந்த 2022இல் பல ஆட்டங்களை நான் அப்படியே பின்தொடர்ந்தேன். 2019 இறுதியை எடுத்துக்கொள்வோம். நோவக் ஜோகோவிச் ரோஜர் பெடரரை 7–6 (5), 1–6, 7–6 (4), 4–6, 13–12 (3) என்று வென்றார். ஒவ்வொரு சோடி எண்ணும் ஒரு செட்டில் இருவரும் வென்ற கேம்கள். அடைப்புக்குள் உள்ளது டை பிரேக்கில், அதாவது கேம்கள் சமனானபோது செட்டைத் தீர்க்க ஆடப்படும் கடைசி கேமில், தோற்றவர் எடுத்த புள்ளி. ஆகவே முதலாவது டை பிரேக் 7–5. இனி கேம்களைக் கூட்டிப் பாருங்கள்: பெடரருக்கு 36, ஜோகோவிச்சுக்கு 32. புள்ளிகளிலும் பெடரரே முன்னால், 218க்கு 204. ஐந்தாம் செட்டில் 8–7, 40–15 என்று தன் சேர்விலேயே கிண்ணத்துக்கான இரண்டு புள்ளிகளைக் கையில் வைத்திருந்தவரும் அவரே. ஆனால் மூன்று டை பிரேக்குகளும் மற்றவருக்குப் போயின. மொத்தப் புள்ளி எத்தனை என்பதைவிட எந்தப் புள்ளி என்பதே டென்னிஸில் கணக்கு. எனவே நேரலைப் புள்ளிகளைப் பார்க்கும்போது, சேர்வ் போடுபவர் 0–30 அல்லது 30–40 என்று பின்தங்கும் கேம்களில் மட்டும் நின்று கவனியுங்கள். மற்றவை பெரும்பாலும் தம் வழியில் போய்விடும்.

பழைய ஆட்டங்களோடு ஒப்பிடும்போது ஒன்றை மறக்க வேண்டாம். 2022 முதல் ஐந்தாம் செட் 6–6 ஆனதும் பத்துப் புள்ளி டை பிரேக் ஆடப்படுகிறது. ஜோன் இஸ்னரும் நிக்கோலா மஹூவும் 2010இல் மூன்று நாட்களாக ஆடி 70–68 என்று முடித்ததைப் போன்ற ஒன்று இனி நடக்காது.

நம்மூரில் டென்னிஸ் பழகியவர்களுக்கு ஒரு குறிப்பு. கொழும்பு 7இல் உள்ள இலங்கை டென்னிஸ் சங்கத்தின் களிமண் தரையில் பந்து மெதுவாக வந்து தோளுயரத்துக்கு எழும்பும். விம்பிள்டனில் 8 மில்லிமீற்றருக்கு வெட்டப்பட்ட புல்லில் அது வழுக்கிக்கொண்டு தாழ்வாகப் பாயும். முதல் நாட்களில் புல் பச்சையாக இருப்பதால் வீரர்களும் வழுக்குவார்கள். இரண்டாம் கிழமையில் பின்கோட்டருகே புல் தேய்ந்து மண் தெரியும். அங்கிருந்தே ஆடிப் பழகிய வீரருக்குக் கால் அப்போதுதான் ஊன்றும். தொலைக்காட்சியில் அந்தப் பழுப்பு நிறத்தைத் தேடிப் பாருங்கள்.

தாளில் எழுதும்போது, ஆட்டத்துக்கு முன்பே விலகியதையும் நடுவில் காயத்தால் கைவிட்டதையும் பிரித்துக் குறியுங்கள். 2025இன் நான்காம் சுற்றில் கிரிகோர் டிமிட்ரோவ், யானிக் சின்னருக்கெதிராக இரண்டு செட்கள் முன்னிலையில் இருந்தபோது மார்புத் தசைக் காயத்தால் கைவிட்டார். ஆறு நாட்களில் சின்னர் சம்பியன். பெயரை மட்டும் எழுதிவைத்தால் அந்த ஆண்டின் மிக முக்கியமான இரவு தாளில் தெரியாமல் போய்விடும்.

அரையிறுதிகள் வெள்ளி மாலை 6 மணியிலிருந்து. இறுதியாட்டம் 2025 முதல் அங்கு 4 மணிக்குத் தொடங்குவதால் நமக்கு ஞாயிறு இரவு 8.30, அதாவது சோறு தின்று முடித்த நேரம். மூன்று செட்களில் முடிந்தால் பதினொரு மணிக்கெல்லாம் படுத்துவிடலாம். 2019ஐப் போல நாலு மணி 57 நிமிடம் இழுத்தால் அதிகாலை 1.27 ஆகும், திங்கட்கிழமைக்கான அரைநாள் லீவை வெள்ளிக்கிழமையே அலுவலகத்தில் சொல்லிவைத்துவிடுங்கள்.