குக்கரில் பருப்பு சூப்: தண்ணீரை முதலிலேயே ஊற்றிவிடாதீர்கள்

பினாங்கில், கெலுகோரில் ஒரு மாடி வீட்டை மூன்று மாணவிகள் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி என் தோழியின் மகள். போன சனிக்கிழமை போன் செய்தாள். "ஆண்ட்டி, பருப்பு சூப் வைக்கப்போறோம், சாப்பிட வாங்க." நான் போய்ச் சேர்ந்தபோது அவள் குக்கர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஐந்து லிட்டர் குக்கர். விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை தண்ணீர், அதில் பருப்பும் காரட்டும் மிதந்துகொண்டிருந்தன. மூடாதே என்று சொன்ன என் குரல் கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது. அவள் முகம் வாடிப்போனது. "சூப்தானே ஆண்ட்டி, தண்ணி நிறைய வேணும்ல?" என்றாள்.

இதே கேள்வியை 20 ஆண்டுகளுக்கு முன் நானும் கேட்டிருக்கிறேன். அதற்குக் கிடைத்த பதில் என் பெரியம்மாவின் முன்கையில் தழும்பாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உப்பு மறப்பது, அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோவது, கேஸ்கட் போடாமல் மூடுவது எல்லாம் ஒரு தடவை பட்டால் தானாகவே திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சூப்புக்கான தண்ணீர் முழுவதையும் குக்கரில் ஊற்றுவது

சூப் என்றதும் கை தானாகவே குழாயைத் திறக்கிறது. சோற்றுக்கும் சாம்பாருக்கும் அளந்து ஊற்றுகிறவர்கள்கூட சூப்புக்கு அளப்பதில்லை. எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிற தவறு இது ஒன்றுதான். எல்லாரும் செய்கிறார்கள், பத்தில் ஒன்பது முறை ஒன்றும் ஆவதில்லை, அதனால் யாருமே திருத்திக்கொள்வதில்லை.

குக்கருக்குள் நடப்பது இதுதான். பருப்பு கொதிக்கும்போது அதிலிருக்கும் புரதமும் சப்போனின் என்ற பொருளும் சேர்ந்து நுரை கட்டும். திறந்த சட்டியில் அது பொங்கி வழியும், நாம் கரண்டியால் எடுத்துவிடுவோம். மூடிய குக்கரில் அது மேலே மேலே ஏறும். மேலே காலி இடம் இருந்தால் மூடியைத் தொடும் முன்பே அடங்கிவிடும். இடம் இல்லையென்றால் நீராவி வெளியேறும் குழாய்க்குள் நுழைந்துவிடும். அந்தக் குழாயின் துவாரம் மிகச் சின்னது. ஒரு பருப்புத் தோல், ஒரு கறிவேப்பிலைத் துண்டு சிக்கினாலே போதும். அதற்குப் பிறகு வெயிட் ஆடாது, விசில் வராது. நாம் என்ன நினைப்போம்? இன்னும் ஆவி வரவில்லை போலிருக்கிறது என்று தீயைக் கூட்டுவோம்.

நான் அதைத்தான் செய்தேன். தைப்பூசத்துக்கு முதல் நாள். தண்ணீர்மலைக்குப் போகிற வழியில் எங்கள் குடும்பம் மற்ற சில குடும்பங்களோடு சேர்ந்து பந்தல் போட்டிருந்தது. காவடி எடுப்பவர்களோடு நடந்து வருகிறவர்களுக்குச் சூடாகக் குடிக்க ஏதாவது கொடுக்கலாம் என்று காய்கறி போட்ட பருப்பு சூப் முடிவானது. பக்கத்து வீட்டிலிருந்து பத்து லிட்டர் குக்கர் இரவல் வாங்கினேன். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் பருப்பு, அப்புறம் தண்ணீர், கிட்டத்தட்ட விளிம்பு வரை. நிறைய பேர் வருவார்களே என்ற நினைப்பு வேறு. முதல் ஐந்து நிமிடம் வெயிட்டைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் கசிந்தது. துணியால் துடைத்தேன். அது எச்சரிக்கை என்று தெரியவில்லை. அப்புறம் கசிவு நின்றது. சரி, இனி விசில் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தீயைக் கூட்டினேன்.

பெரியம்மா பின்வாசலிலிருந்து உள்ளே வந்து குக்கரைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அடுப்பை அணைக்கக் கையை நீட்டினார். அந்த நேரத்தில்தான் சேஃப்டி வால்வ் போனது. பருப்பு கூரை வரை அடித்தது. மின்விசிறி இறக்கையெல்லாம் மஞ்சள். அவர் கையில் முழங்கைக்குக் கீழே பட்டது. கொதிக்கும் தண்ணீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். வெந்த பருப்பு ஒட்டிக்கொண்டு உள்ளே உள்ளே சுடும். நாங்கள் பதற்றத்தில் பற்பசையைத் தடவினோம். அதுவும் தவறு. ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டியிருக்க வேண்டும், அதற்கு மேல் எதையும் பூசியிருக்கக் கூடாது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த நாள் கையில் கட்டோடு பந்தலில் நின்று பானகம் ஊற்றிக்கொடுத்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சரி, எவ்வளவு ஊற்ற வேண்டும்? பருப்பு, காய், தண்ணீர் எல்லாம் சேர்த்து குக்கரில் பாதிக்கு மேல் போகக் கூடாது. மற்ற சமையலுக்கு மூன்றில் இரண்டு பங்கு வரை போகலாம். பருப்புக்குப் பாதிதான். நாலு பேருக்கு ஒரு கப் மைசூர் பருப்பு, அதாவது ஏறக்குறைய 200 கிராம். அதற்கு மூன்று கப் தண்ணீர் மட்டும் ஊற்றி வேகவிடுங்கள். சூப்புக்குத் தேவையான மிச்சத் தண்ணீரைப் பக்கத்து அடுப்பில் கொதிக்க வையுங்கள். குக்கரைத் திறந்த பிறகு ஊற்றிக்கொள்ளலாம்.

ஆபத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ருசியும் இதில்தான் இருக்கிறது. கெட்டியாக வெந்த பருப்பில் மத்துக்குப் பிடி கிடைக்கும். நாலு சுற்று கடைந்தால் பருப்பு உடைந்து குழைந்து பாலாடை மாதிரி ஆகிவிடும். அதில் கொதிநீர் விட்டால் தண்ணீரும் பருப்பும் ஒன்றாகவே நிற்கும். நிறையத் தண்ணீரில் மிதந்த பருப்பைக் கடைந்து பாருங்கள், மத்தைச் சுற்றி நழுவி ஓடும். கிண்ணத்தில் ஊற்றிய கொஞ்ச நேரத்தில் மேலே மஞ்சள் தண்ணீர், அடியில் வண்டல். வயிறு நிறைகிற சூப் அப்படி இருக்காது.

மூடும் முன் இரண்டு வேலை இருக்கிறது. பருப்பைத் திறந்தபடியே ஒரு கொதி விட்டு, வரும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெய் விடுங்கள், நுரை அடங்கும். மூடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஆவிக் குழாய் வழியாகப் பார்ப்பதையும் பழக்கிக்கொள்ளுங்கள். மறுபக்கம் தெரிய வேண்டும்.

கெலுகோர் வீட்டில் பாதித் தண்ணீரை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டுத்தான் மூடினோம்.

விசில் எண்ணுவது

"எத்தனை விசில் ஆண்ட்டி?" அடுத்த கேள்வி இது. விசிலை வைத்து நேரத்தைக் கணக்கிட முடியாது. பெரிய தீயில் மூன்று நிமிடத்துக்குள் நாலு விசில் வந்துவிடும், பருப்பு நடுவில் வேகாமல் நிற்கும். சின்னத் தீயில் ஒரே விசிலில் பருப்பு கரைந்தே போகும். ஒருவர் வீட்டு மூன்று விசிலும் இன்னொருவர் வீட்டு மூன்று விசிலும் ஒன்றல்ல. முதல் விசில் வந்தால் உள்ளே அழுத்தம் நிறைந்துவிட்டது, வெப்பம் சுமார் 120 டிகிரிக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அப்போது தீயைக் குறைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். மைசூர் பருப்புக்கு ஐந்து நிமிடம். அரை மணி ஊறிய துவரம்பருப்புக்கு எட்டிலிருந்து பத்து நிமிடம். மின்சாரக் குக்கர் வாங்கியவர்கள் விசில் வரவில்லையே என்று திகைக்க வேண்டியதில்லை, அதே நிமிடக் கணக்கில் தொடங்கி, வெந்த பக்குவம் பார்த்து இரண்டொரு நிமிடம் கூட்டிக்கொள்ளலாம்.

வெயிட்டைக் கரண்டியால் தூக்குவது

வேண்டாம். உள்ளே இருப்பது 100 டிகிரியைத் தாண்டிய பருப்பு. அழுத்தம் சட்டென்று குறைந்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் கொதித்து, நுரையாக அந்தத் துவாரம் வழியாகப் பீறிடும். பத்து, பதினைந்து நிமிடம் தானாக அடங்கட்டும்.

பழைய பருப்பு

சிலர் எவ்வளவு நேரம் வைத்தாலும் பருப்பு வேகவில்லை என்று குக்கரைக் குறை சொல்வார்கள். அலமாரியைத் திறந்து பார்த்தால், போன தீபாவளிக்கு வாங்கிய பொட்டலம் அங்கே இருக்கும். நம் ஊர் வெயிலும் ஈரமும் பருப்புக்குப் பகை. சூடான, ஈரமான இடத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் பருப்புக்குள் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் விடுபட்டு, செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினை இறுக்கிவிடும். அப்புறம் எவ்வளவு ஊறவைத்தாலும் கல் மாதிரிதான். கடைத்தெருவில் மூட்டை சீக்கிரம் காலியாகிற கடையாகப் பார்த்து, அரைக் கிலோ, ஒரு கிலோவாக வாங்குங்கள். பத்து வெள்ளி (ரிங்கிட்) மிச்சம் என்று ஐந்து கிலோ வாங்கினால் பாதி இப்படித்தான் போகும். வாங்கியதைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, இடம் இருந்தால் ஃபிரிட்ஜில் வைக்கலாம்.

பழைய பருப்பை வேகவைக்கச் சோடா உப்பு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெந்துவிடும், உண்மைதான். ஆனால் சோப்பு வாடை வரும், பி1 வைட்டமினும் அழியும். நான் போடுவதில்லை.

புளியை முதலில் கரைத்து ஊற்றுவது

புளிப்பு சேர்ந்தால் அதே பெக்டின் கரைய மறுக்கும். ஒன்றிரண்டு தக்காளியால் ஒன்றும் ஆகாது, குக்கரின் சூடு அதைச் சமாளித்துவிடும். புளித்தண்ணீர், எலுமிச்சை இரண்டும் பருப்பு வெந்த பிறகுதான். தேங்காய்ப்பாலும் கடைசியில். அதை ஊற்றிய பிறகு குக்கரை மூடாதீர்கள், திரிந்துவிடும்.

காயைச் சாம்பாருக்கு வெட்டுவது போல வெட்டுவது

பெரிதாக வெட்டுங்கள். முருங்கைக்காய், கத்தரிக்காயைத் திறந்த பிறகு போட்டு வேகவிடுங்கள்.

சைவம் என்றால் போதும் என்று நினைப்பது

இதையும் பந்தலில்தான் கற்றேன். ஒரு பெண் வரிசையில் நின்று, கிண்ணத்தை வாங்கும் முன் கேட்டாள். "நெய் விட்டிருக்கீங்களா?" தாளிப்பு நெய்யில்தான். பாலும் நெய்யும்கூடச் சேர்க்காத வீகன் சாப்பாட்டுக்கு அவள் மாறி ஓராண்டு ஆகியிருந்தது. அவ்வளவு தூரம் வெயிலில் நடந்து வந்தவள் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து பந்தலில் என் தாளிப்பு தேங்காய் எண்ணெயில்தான். கடுகு, சோம்பு, காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை இலை. நெய் இல்லையே என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

கடையில் வாங்கும் ஸ்டாக் கட்டியில் கவனம் வேண்டும். மேலே காய்கறிப் படம் இருக்கும், பின்னால் பொடி எழுத்தில், மலாயில் சூசு என்று பால் ஒளிந்திருக்கும். ஈக்கான் பிலிஸ் என்று போட்டிருந்தால் அது நெத்திலி. காரம் போதவில்லை என்று பாட்டில் சம்பலை ஒரு கரண்டி போடுகிறவர்கள், அதில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். எனக்கு ஸ்டாக் கட்டியே தேவைப்படுவதில்லை. ஒரு பிடி கடலைப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து மைசூர் பருப்போடு சேர்த்துப் போடுகிறேன். மைசூர் பருப்பு கரைந்து கெட்டியைக் கொடுக்கும், கடலைப்பருப்பு பல்லில் கடிபடும்.

மிக்சியில் அரைப்பது

கஞ்சிதான் கிடைக்கும். மத்தே போதும்.

மிச்சத்தை அடுப்பிலேயே விடுவது

பினாங்கு வெயிலில் பருப்பு ஒரு ராத்திரி தாங்காது, காலையில் புளித்து நுரைத்திருக்கும். ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் வரும். எடுக்கும்போது களி மாதிரி இறுகியிருக்கும். பயப்படாமல் கொதிநீர் விட்டுத் தளர்த்தி, அடியிலிருந்து கிளறிச் சூடாக்குங்கள். கெலுகோர் பெண்கள் மறுநாள் காலையில் அதை ரொட்டி சானாய்க்குத் தொட்டுக்கொண்டார்களாம். படம் அனுப்பியிருந்தாள். பின்னால் அடுப்பில் குக்கர் திறந்தபடி இருந்தது, பாதிக்கும் கீழேதான் தண்ணீர்.