போனின் பூட்டைத் திறந்தால் வாரண்டி போய்விடுமா? கைவைக்கும் முன் பார்க்கவேண்டியவை

எல்லா மாற்றமும் வாரண்டியைக் கெடுக்காது. எது கெடுக்கும் என்பது மூன்று விஷயத்தில் தங்கியிருக்கிறது: உங்கள் கையில் இருப்பது எந்த வகை வாரண்டி, நீங்கள் செய்யும் மாற்றம் போனில் அழியாத அடையாளம் விடுகிறதா, பழுதாகிய பாகத்துக்கும் அந்த மாற்றத்துக்கும் தொடர்பு இருக்கிறதா.

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வாங்கிய போன் பழுதானால் பெரும்பாலும் கடைக்காரர்தான் அதைப் பொதி செய்து கொழும்புக்கு அனுப்புவார். அங்கே திறந்து பார்ப்பவரோடு நீங்கள் நேரே கதைக்க முடியாது. அவர் எழுதி அனுப்பும் ஒரு வரிதான் தீர்ப்பு. அதனால் பூட்லோடரை, அதாவது கம்பனி மென்பொருளைத் தவிர வேறெதையும் ஏற்றவிடாத பூட்டை, திறப்பதற்கு முன்பே உங்கள் பக்கத்தை எழுத்திலும் படத்திலும் வைத்திருக்கவேண்டும்.

படி 1: வாரண்டி அட்டையை முழுதாக வாசியுங்கள்

கம்பனி வாரண்டி என்றால் இறக்குமதி செய்த ஏஜென்ட் பொறுப்பு. ஷொப் வாரண்டி என்றால் கடைக்காரர் மட்டுமே பொறுப்பு. கம்பனி அட்டைகளில் அனுமதியில்லாத மென்பொருள் மாற்றம் பற்றி ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். ஷொப் வாரண்டியில் அது எழுதப்பட்டிருக்காது. ஆனால் பேச்சில் வரும். வாங்கும்போதே கேட்டு, பில்லின் பின்பக்கத்தில் எழுதி வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. வெறும் விசிட்டிங் கார்ட்டில் மாதக் கணக்கை எழுதித் தந்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த போன் என்றால் கணக்கு வேறு. ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றில் வாங்கியிருந்தால் விற்ற கடைக்கு 2 வருடப் பொறுப்பு உண்டு. முதல் 1 வருடத்துக்குள் வெளிவரும் குறை விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லையென்று காட்டவேண்டியது விற்றவர். பிரித்தானியாவில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் அந்தக் காலம் 6 மாதம். ஆனால் அந்த உரிமை வாங்கியவருக்கும் வாங்கிய கடைக்கும் இடையிலானது. ஆகவே பில் அவர் பெயரில் இருக்கவேண்டும், போனும் அவர் கையோடு திரும்பிப் போகவேண்டும். இங்குள்ள ஏஜென்ட் பெரும்பாலும் தொடமாட்டார்.

ரூட் என்பது போன் மென்பொருளின் முழு அதிகாரத்தையும் கையில் எடுப்பது. ‘ரூட் செய்தாலும் வாரண்டியை மறுக்க முடியாது, சட்டம் இருக்கிறது’ என்று யூடியூபில் சொல்லப்படுவது அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தையும் ஐரோப்பியச் சட்டத்தையும் வைத்துத்தான். அதைக் கொண்டுபோய் ஏ9 வீதியில் உள்ள கடையில் வாதாடிப் பயனில்லை. நமக்குள்ளவை 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும். கடைசிப் படியில் அதைப் பார்ப்போம்.

படி 2: உங்களுக்கு உண்மையில் என்ன தேவை?

விளம்பரம் வராமலிருக்கவேண்டும், தேவையில்லாத அப்கள் போகவேண்டும் என்பதுதான் பலருடைய தேவை. அதற்குப் பூட்லோடரைத் திறக்கவே வேண்டாம். செட்டிங்ஸில் மறைந்திருக்கும் டெவலப்பர் ஒப்ஷன்ஸில், கம்பியூட்டர் போனுக்குக் கட்டளை கொடுக்க விடும் யூஎஸ்பி டிபக்கிங்கைப் போட்டு, லப்டொப்பில் யுனிவேர்சல் அண்ட்ரொய்ட் டிப்லோட்டர் என்ற கருவியை ஓடவிட்டால் போதும். அப்கள் உங்கள் பாவனையாளர் கணக்கிலிருந்து மட்டும் நீங்கும். சிஸ்டம் பகுதி அப்படியே இருக்கும். ஃபக்டரி ரீசெட் செய்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும். வாரண்டிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. ஆரம்பிப்பவர்களுக்கு என் பரிந்துரை எப்போதும் இதுதான். கருவி ‘ரெக்கமெண்டட்’ என்று காட்டும் பட்டியலுக்கு வெளியே போகாதீர்கள். ஷாவ்மி, ரெட்மி போன்களில் ‘ஃபைண்ட் டிவைஸ்’, ‘செக்கியூரிட்டி’ இரண்டையும் தொடவே வேண்டாம். தொட்டால் போன் லோகோவிலேயே சுற்றிக்கொண்டு நிற்கும்.

கம்பனி அனுப்பும் அப்டேட்டைப் போடுவது, முகப்புத் திரையைக் காட்டும் லோஞ்சரை மாற்றுவது, இவையும் ஆபத்தில்லாதவை. ரூட் செய்வதும், கம்பனி மென்பொருளுக்குப் பதிலாக லீனேஜ் ஓஎஸ் போன்ற கஸ்டம் ரொம் போடுவதும்தான் அடுத்த படிகளுக்கு உரியவை.

படி 3: முதல் ஒரு மாதம் கைவைக்காதீர்கள்

புதுப் போனின் உற்பத்திக் குறை பெரும்பாலும் ஆரம்பக் கிழமைகளிலேயே தலைகாட்டும். அந்தக் காலத்தில் போன் கம்பனி மென்பொருளோடு இருந்தால் எவரும் உங்களைக் கேள்வி கேட்க முடியாது. சாம்சங்கில் *#0*# அழுத்தினால் டிஸ்பிளே, டச், சென்சர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் சோதிக்கலாம். ஷாவ்மியில் *#*#6484#*#*. சார்ஜிங் துவாரம், இரண்டு சிம், கமரா, மைக் எல்லாவற்றையும் ஒருமுறை ஓடவிட்டு வீடியோ எடுத்து வையுங்கள். *#06# போட்டு வரும் ஐஎம்இஐ, அதாவது போனுக்கே உரிய தனி இலக்கம், பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

மதிய வெயிலில் மோட்டார் சைக்கிள் ஹோல்டரில் வைத்துச் சூடேறிய போனை அப்படியே சோதிக்கவேண்டாம். சூட்டில் சார்ஜ் ஏறுவது தானாகவே குறையும், அது பழுதல்ல.

படி 4: எந்தப் போனில் என்ன அடையாளம் பதியும்

சாம்சங்தான் மிகக் கடுமை. 2013 முதல் வந்த, நொக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு உள்ள மொடல்களில் சிப்புக்குள்ளே ஒரு மின் உருகி இருக்கிறது. சாம்சங்கின் கையொப்பமில்லாத கோப்பை எழுதி இயக்கினால் அது எரியும். எரிந்தபின் எந்த மென்பொருளாலும் பழையபடி ஆக்க முடியாது. போர்டை மாற்றினால்தான் உண்டு. செக்கியூர் ஃபோல்டரும் அதோடு போய்விடும். பார்ப்பதற்கு: போனை ஓஃப் செய்து, இரண்டு வொல்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தியபடியே கம்பியூட்டரோடு இணைத்த வயரைச் செருகுங்கள். எச்சரிக்கைத் திரை வந்ததும் வொல்யூம் அப்பை ஒருமுறை மட்டும் தட்டுங்கள். ஓஈஎம் அன்லொக் போட்டிருக்கும் போனில் அதே பட்டனை நீட்டி அழுத்தினால் பூட்டைத் திறக்கும் பகுதிக்குள் போய்விடும், அங்கே ஒப்புக்கொண்டால் தரவெல்லாம் அழியும். ‘வாரண்டி வொய்ட்’ என்ற வரியில் கடைசி இலக்கம் 0 என்றால் உருகி நலம். 1 என்றால் எரிந்துவிட்டது. வெளியே வர, வொல்யூம் டவுனையும் பவரையும் சேர்த்துப் பிடியுங்கள்.

சாம்சங் மென்பொருளை எழுதும் கம்பியூட்டர் கருவியான ஓடினில் அதே மொடலின் கம்பனிக் கோப்பை எழுதினால் உருகிக்கு ஒன்றும் ஆகாது. தரவு மிஞ்சவேண்டும் என்றால் ‘சீஎஸ்சீ’ இடத்தில் ‘ஹோம் சீஎஸ்சீ’ கோப்பைத் தெரியுங்கள்.

ஷாவ்மியில் அப்படியான உருகி விவகாரம் இல்லை. திறந்த பூட்டைத் திரும்பப் பூட்டலாம். ஆனால் கம்பனிக் கணக்கோடு போனை இணைத்து, அனுமதி வாங்கித்தான் திறக்கவேண்டும் என்பதால், திறந்த விபரம் கம்பனியிடம் இருக்கும். ஹுவாவே 2018இல் அன்லொக் கோட் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. ஐபோனில் ஜெயில்பிரேக் செய்து அப்பிளின் கட்டுப்பாட்டை உடைத்திருந்தால் சேவையை மறுக்கலாம் என்று அப்பிள் எழுதியே வைத்திருக்கிறது.

சீனாப் பதிப்பு ரெட்மியை குளோபல் ரொம் ஏற்றி விற்பதும் உண்டு. வாங்கும் கடையிலேயே போனை ஒருமுறை ஓஃப் செய்து போடச் சொல்லுங்கள். லோகோவோடு திறந்த பூட்டுப் படமோ ‘அன்லொக்ட்’ என்ற சொல்லோ வந்தால், மாற்றம் செய்தவர் விற்றவர்தான். பில்லில் அதை எழுதி வாங்குங்கள், அல்லது வேறு போன் கேளுங்கள்.

படி 5: ஷாவ்மி அன்லொக் – நேரக் கணக்கு

ஷாவ்மியின் மென்பொருளான ஹைப்பர் ஓஎஸ்ஸின் குளோபல் பதிப்பில் ஷாவ்மி கொமியுனிட்டி அப்பில் அனுமதி கேட்கவேண்டும். கணக்குத் திறந்து 30 நாள் ஆகியிருக்கவேண்டும். நாளாந்த ஒதுக்கீடு பெய்ஜிங் நள்ளிரவில் புதிதாகும். நமக்கு அது இரவு 9.30. சில நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால் 9.29க்கே அப்பைத் திறந்து தயாராக இருங்கள். கணக்கை இணைக்கும்போது வைஃபை கூடாது, சிம்மின் டேட்டாவில்தான் நடக்கும். ஒட்டுசுட்டான், துணுக்காய் உட்பகுதிகளில் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடமென்றால், வெளியே வந்து நல்ல இடத்தில் செய்யுங்கள். பிறகு, கம்பியூட்டரில் ஓடும் ஷாவ்மியின் அன்லொக் கருவி ஒரு காத்திருப்பு நேரத்தைக் காட்டும்; சில நாளாகும். அதற்குள் கணக்கை வெளியேற்றித் திரும்பச் சேர்க்காதீர்கள். எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்.

திறந்தவுடன் போனிலுள்ள எல்லாம் அழியும். படங்களை முதலே எடுத்து வையுங்கள். வேலையை டெஸ்க்டொப்பில் அல்லாமல் லப்டொப்பிலேயே செய்யுங்கள். பாதியில் கரண்ட் போனால் லப்டொப் தாக்குப்பிடிக்கும். போனில் சார்ஜ் 60 வீதத்துக்கு மேல் இருக்கட்டும்.

படி 6: பழையபடி கம்பனி மென்பொருளுக்குத் திரும்புதல்

நன்றாக ஓடிய போன் எழும்பாமல் கல்லாவது பெரும்பாலும் இங்கேதான். ஷாவ்மி மென்பொருளை எழுதும் மி ஃபிளாஷ் கருவியின் அடிப்பக்கத்தில் மூன்று தெரிவுகள் உண்டு: ‘கிளீன் ஓல்’, ‘சேவ் யூசர் டேட்டா’, ‘கிளீன் ஓல் அண்ட் லொக்’. கருவியைத் திறக்கும்போது மூன்றாவதுதான் தெரிவாகியிருக்கும். கவனிக்காமல் ஃபிளாஷ் அழுத்தினால், எழுதி முடிந்ததும் பூட்டும் விழுந்துவிடும். குளோபல் போனுக்கு அதன் குளோபல் ரொம் என்றால் பிரச்சினையில்லை. சீனாப் போனில் குளோபல் ரொம் எழுதிப் பூட்டு விழுந்தால், ‘இந்தப் பதிப்பை இந்தக் கருவியில் நிறுவ முடியாது’ என்ற வரியோடு போன் நின்றுவிடும். பூட்டு விழுந்ததால் திரும்ப எழுதவும் முடியாது. கம்பனி அனுமதித்த கணக்கு உள்ளவர்தான் பூட்டைத் தாண்டி எழுதும் ஆழ்நிலை முறையில் எழுதித் தரவேண்டும். அதற்குக் காசும் நாளும் போகும்.

ஆகவே இந்த ஒழுங்கில் செய்யுங்கள். சரியான மொடலின் ஃபாஸ்ட்பூட் ரொம்மை, அதாவது கம்பியூட்டரிலிருந்து எழுதும் கம்பனி மென்பொருளை, இறக்குங்கள். பல ஜிபி இருக்கும், இரவு டேட்டாவில் விடுங்கள். இப்போது போனில் உள்ள பதிப்பைவிடப் பழையதை எடுக்காதீர்கள். பின்வாங்கலைத் தடுக்கும் பூட்டு உள்ள மொடல்களில் பழையது எழுதினால் போன் எழும்பாது. விரித்த கோப்புறையை டிரைவின் முதல் மட்டத்திலேயே, பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இல்லாமல் வையுங்கள். ‘கிளீன் ஓல்’ தெரிந்து எழுதுங்கள். போன் எழும்பியதும் இரண்டு நாள் பாவியுங்கள். பதிப்பெண்ணின் எழுத்துகளையும் பெட்டியையும் ஒப்பிடுங்கள்: ‘சீஎன்’ என்றால் சீனா, ‘எம்ஐ’ என்றால் குளோபல். பெட்டியும் ரொம்மும் ஒரே நாட்டுக்கானவை என்று உறுதியான பின்பே பூட்டுங்கள். சந்தேகம் இருந்தால் திறந்தபடியே விடுவது மேல்.

படி 7: வாரண்டிக்குக் கொடுக்கும்போது

செய்ததை மறைக்காதீர்கள். உருகி எரிந்ததும் கணக்கில் பதிந்ததும் அவர்கள் பார்த்தால் தெரியும், மறைத்தது தெரிந்தால் நியாயமான கோரிக்கையும் அடிபட்டுப்போகும். பழுதையும் மாற்றத்தையும் பிரித்துச் சொல்லுங்கள். பவர் பட்டன் இறங்கிப்போனதற்கும், டிஸ்பிளேயில் கோடு விழுந்ததற்கும், சார்ஜிங் துவாரம் ஆடுவதற்கும் ரூட் காரணமில்லை. கம்பனி மென்பொருளைத் திரும்பப் போட்ட பின்பும் அதே பழுது இருக்கிறது என்ற வீடியோ உங்களுக்குப் பெரிய பலம். ஆனால் வேகத்தைக் கூட்டும் கேர்னலோ சூட்டுக் கட்டுப்பாட்டை நீக்கும் மொடியூலோ போட்டிருந்து பட்டரி வீங்கியது, ஒலியைக் கூட்டும் மொட் போட்டு ஸ்பீக்கர் கிழிந்தது என்றால் அவர்கள் மறுப்பதில் நியாயம் உண்டு.

கூகிள் கணக்கை நீக்கி, சிம்மையும் மெமரி கார்ட்டையும் எடுத்துவிட்டுக் கொடுங்கள். திகதி, ஐஎம்இஐ, பழுது என்ன, வெளித்தோற்றம் எப்படி என்று எழுதிய துண்டு வாங்காமல் கடையை விட்டு வெளியேறவேண்டாம். மறுத்தால் மறுப்பின் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். ‘சொஃப்ட்வெயார் மாத்தியிருக்கு’ என்பது மட்டும் போதாது; அந்த மாற்றம் இந்தப் பழுதை எப்படி உண்டாக்கியது என்று கேட்கவேண்டும்.

சரிவராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் பேசலாம், தமிழிலேயே எழுத்து மூலம் முறையிடலாம். விற்ற நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முறைப்பாடு போகவேண்டும் என்பதால், கடைக்காரர் ‘அடுத்த கிழமை வாங்கோ’ என்று இழுத்துக்கொண்டு போனால் நாளை எண்ணிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: பலரும் கேட்ட இரண்டு சிக்கல்கள்

ஏஎம்டி ரைசன் லப்டொப்பில் ஃபாஸ்ட்பூட்டுக்குப் போனதும் போன் காணாமல் போகிறது என்றால், போனும் வயரும் நல்லவைதான். யூஎஸ்பி 3 துவாரத்தோடுதான் தகராறு. மலிவான யூஎஸ்பி 2 ஹப் ஒன்றை இடையில் போட்டால் சரியாகிவிடும்.

ரூட் செய்தபின் வங்கி அப் திறக்கவில்லை என்பது வாரண்டிக்குரிய பழுதல்ல. பூட்டுத் திறந்திருப்பதை கூகிளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனை கண்டுபிடித்து அப்புக்குச் சொல்கிறது. வெளிநாட்டுக் காசு வரும் கணக்கை அந்த ஒரே போனில்தான் பார்க்கிறீர்கள் என்றால் ரூட் செய்யாமலிருங்கள், அல்லது பழைய போனொன்றில் செய்து பழகுங்கள்.

திருத்திய போன் கைக்கு வந்ததும் *#06# போட்டுப் பெட்டியோடு திரும்ப ஒப்பிடுங்கள். போர்ட் மாற்றியிருந்தால் ஐஎம்இஐ மாறியிருக்கலாம். அப்படியானால் புதிய இலக்கத்தை பில்லில் எழுதி முத்திரை குத்தச் சொல்லுங்கள். ‘ஐஎம்இஐ’ என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். பதிவில்லை என்று வந்தால் அன்றைக்கே கடைக்குத் திரும்பிப் போங்கள்.