சண்டை போடாத நாயகி: ஒரே ஏ4 தாளில் உங்கள் முதல் காமிக்ஸ்

1938இல் சூப்பர்மேன் வந்த காலத்திலிருந்து காமிக்ஸ் நாயகனுக்கு ஓர் அச்சு விழுந்துவிட்டது: கட்டுடல், மேலங்கி, இரகசிய வாழ்க்கை, கடைசிப் பக்கத்தில் அடிதடி. வித்தியாசமான ஒருவரைப் படைக்க விரும்புகிறவர்கள் முதலில் உடுப்பைத்தான் மாற்றுகிறார்கள். சாரம் கட்டிவிட்டாலும் குத்துவிட்டே கதையை முடித்தால் ஆள் பழையவர்தான். அவர் பிரச்சினையைத் தீர்க்கும் விதத்தை மாற்றிப் பாருங்கள். நான் திருகோணமலைக்காரன், உதாரணத்தையும் இங்கிருந்தே எடுக்கிறேன்.

1. ஆற்றலைத் தொழிலிலிருந்து எடுங்கள்

என் நாயகி பாக்கியம். வயது 58. திருக்கடலூரில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறாள். அவளுடைய ஆற்றல் கவனிப்பு. வழக்கமாக அரைக் கிலோ சீனி வாங்கும் பொடியன் இன்று 100 கிராம் கேட்டால், அந்த வீட்டு அடுப்பின் நிலை அவளுக்கு விளங்கிவிடும்.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தொழிலை எடுங்கள். அதைச் செய்பவரின் கண்ணுக்கு மட்டும் என்னென்ன படும் என்று பத்து வரி எழுதுங்கள். முதல் மூன்றை வெட்டிவிடுங்கள். அவை எல்லோருக்கும் தோன்றுபவை.

பலவீனத்தையும் வரையக்கூடியதாக வையுங்கள். பாக்கியம் 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரைக்கு இறங்கியதில்லை. அதை வசனத்தில் சொல்லவே வேண்டாம். கடையைக் கடலுக்கு முதுகு காட்டி வரைந்தால் போதும்.

2. முகமில்லாத வில்லன்

இந்தக் கதையில் வில்லன் வாடைக்காற்று. கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும், வீடுகளில் காசு புழங்காது. காற்றை எப்படி வரைவது? எல்லாக் கட்டங்களிலும் அது ஒரே திசையில் வீசட்டும். தென்னோலை, கடை வாசலில் தொங்கும் ஷாம்புப் பக்கெட் சரம், பொடியனின் சட்டை எல்லாம் ஒரே பக்கம் சாயட்டும்.

3. இடம்

திருகோணமலை என்றதும் கோணேசர் கோயிலையும் சுவாமி மலையையும் வரையத்தான் கை போகும். அஞ்சலட்டைக்கு அது அழகு. உங்கள் கதைக்கு, பிரெட்ரிக் கோட்டைப் பக்கமிருந்து தெருவுக்கு வந்து மரக்கறிக் கழிவு தின்னும் புள்ளிமான் ஒன்று கூடுதலாக உதவும்.

4. எழுத்து முதலில், படம் பிறகு

தொடக்கக்காரர் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். படத்தை முடித்துவிட்டு மிச்ச இடத்தில் வசனத்தைத் திணிக்கிறார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை; ‘வாங்கிக்கொண்டுபோகலாம்’ ஒன்றே ஒரு சிறிய பலூனை (வசனத்தைச் சுற்றிப் போடும் வட்டத்தை) நிரப்பிவிடும். அதோடு கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடவேண்டும். ஆகவே வசனத்தைப் பென்சிலில் எழுதி, அதைச் சுற்றிப் பலூன் போட்டு, பிறகு முகத்துக்கு இடம் பாருங்கள். ஆங்கிலத்தைப் போலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து நமக்கில்லை. கத்துகிற குரலைக் கோட்டின் தடிப்பால் காட்டுங்கள்.

5. தாளை மடித்தல்

வெற்றுத் தாளை மூன்று முறை பாதிபாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டங்கள் வரும். குறுக்கே பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்ட நீளம் வெட்டுங்கள். விரித்து, நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்ளே தள்ளினால் புத்தகமாகிவிடும். இப்போதே பக்கங்களுக்கு 1 முதல் 8 வரை எண் போடுங்கள். விரித்ததும் ஒரு வரிசை தலைகீழாகத் தெரியும், அது சரிதான்.

1 முன்னட்டை, 8 பின்னட்டை. 5ஆம் பக்கத்தில் பொடியன் கேட்கிறான்: “மாமி, அம்மா ரெண்டு கிலோ அரிசி கடனுக்குக் கேட்டவ.” பக்கத்தைப் புரட்டினால் 6இல் முழுப்பக்கமாகக் கடன் கொப்பி. பாக்கியம் கொப்பியைக் கிழிப்பதாகத்தான் முதலில் எழுதினேன். ஆனால் கடை நடத்துகிற பெண் கொப்பியைக் கிழிக்க மாட்டாள். இப்போது அவள் ‘அரிசி 2 கிலோ’ என்று எழுதுகிறாள். விலைக்கான இடம் வெறுமையாக இருக்கிறது. அந்தப் பக்கத்தில் பலூன் கிடையாது. 7இல் அவன் அரிசிப் பையோடு காற்றில் வீடு போகிறான்.

கறுப்புப் பேனாவால் மை போட்டு, காய்ந்த பிறகு பென்சில் கோடுகளை அழியுங்கள். தாளின் ஓரத்தில் 5 மில்லிமீற்றர் விட்டு வரையுங்கள். போட்டோக் கொப்பி மெஷின் ஓரத்தைத் தின்றுவிடும். ஒரு பக்கம் மட்டும் போட்டோக் கொப்பி எடுத்த ஒவ்வொரு தாளும் ஒரு புத்தகம்.