ஹாரிசான்டல் மில்லிங் மெஷின்: பட்டறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாளையாறு தாண்டிக் கேரளத்தின் கஞ்சிக்கோட்டுப் பக்கம் போனால், பல பட்டறைகளில் ஹாரிசான்டல் மில்லிங் மெஷின், அதாவது படுக்கைவாட்டத் தண்டில் சுற்றும் கட்டரால் உலோகத்தை வெட்டும் மெஷின், மூலையில் கிடக்கும். டேபிள் மேல் எண்ணெய் டின்னும் பழைய பேரிங்கும் அடுக்கியிருப்பார்கள். விஎம்சி (கம்ப்யூட்டரில் ஓடும் செங்குத்து மில்லிங் மெஷின்) வந்தாச்சு, இனி இது எதுக்கு என்று எடைக்குப் போட்டவர்களும் உண்டு. முதல் தவறே அதுதான்.

குழி தோண்டுவது, வளைவாக ஓட்டுவது எல்லாம் விஎம்சி வேலை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுற்றுவட்டாரத்தில் இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் இருக்கின்றன. அங்கிருந்து நீளமான ஷாஃப்டோடு வந்து, "இன்னு வைகுன்னேரம் கிட்டணும் சேட்டா" (இன்று சாயங்காலமே வேண்டும், அண்ணா) என்று நிற்பார்கள். 50 மி.மீ. விட்டமுள்ள ஷாஃப்டில் 14 மி.மீ. அகலக் கீவே (சக்கரத்தை ஷாஃப்டோடு பூட்டும் கீ உட்காரும் பள்ளம்) வேண்டும் என்றால், எண்ட்மில் என்ற குச்சி போன்ற கட்டரைக் கொண்டு மெல்ல மெல்லச் சுரண்டத் தேவையில்லை. சைடு அண்ட் ஃபேஸ் கட்டரை, அதாவது விளிம்பிலும் பக்கங்களிலும் பல் உள்ள வட்டக் கட்டரை, மாட்டி 5.5 மி.மீ. ஆழம் வைத்து ஒரே ஓட்டில் எடுத்துவிடலாம். ஒரு ஆர்பரில் (கட்டரைக் கோர்க்கும் தண்டில்) இரண்டு கட்டர் மாட்டினால் ஜாபின் (வெட்டும் பொருளின்) இரண்டு பக்கமும் ஒரே ஓட்டில் சமமாக வரும். இன்னும் சில கட்டர்களைச் சேர்த்துக் கோர்த்தால் மேல்முகம், பக்கம், பள்ளம் எல்லாம் சேர்ந்தே முடியும். கட்டரின் இரண்டு பக்கமும் ஆர்பருக்குத் தாங்கல் இருப்பதால் கனமான வெட்டைத் தைரியமாக எடுக்கலாம்.

ஆனால் மூடிய கீவேயை, அதாவது ஷாஃப்டின் நடுவில் தொடங்கி நடுவிலேயே முடிவதை, இதில் எடுக்கப் போகாதீர்கள். வட்டக் கட்டர் இரண்டு முனையிலும் சரிவாகத்தான் ஏறி இறங்கும், கீ உட்காராது. அதற்கு எண்ட்மில்தான் சரி.

ஆர்பருக்கு இருக்கும் அந்தத் தாங்கலைக் கெடுத்துக்கொள்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. கட்டரை மாற்றும்போது ஆர்பரில் கட்டருக்கு இரு பக்கமும் கோர்க்கும் காலர் வளையங்களைத் துடைக்காமல் மாட்டிவிடுவார்கள். தலைமுடி அளவு சில்லு ஒன்று இரண்டு காலருக்கு நடுவில் மாட்டினால் போதும், நட்டை முறுக்கும்போது ஆர்பரே வளையும். கட்டர் ஆடிக்கொண்டு சுற்றும், 14 மி.மீ. கட்டர் 14.1 வெட்டும், கீ தளர்ந்து போகும். அப்புறம் கட்டர் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். துணியால் துடைத்தபின் ஒவ்வொரு காலரின் முகத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் துருவல் விரலுக்குத் தப்பாது. மாட்டி முடித்ததும் ஆர்பரில் டயல் கேஜ் (ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்து ஒரு சுற்று கையால் சுற்றிப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இதோடு சேர்ந்த இன்னொன்று, ஆர்பர் சப்போர்ட்டை (ஆர்பரின் வெளிமுனையைத் தாங்கும் கையை) மாட்டும் முன்பே கடைசி நட்டை இறுக்குவது. ஸ்பேனரின் மொத்த பலமும் தாங்கலில்லாத முனையில் விழும். சப்போர்ட் முதலில், நட்டு பிறகு. கட்டர் முடிந்தவரை மெஷினின் தூண் (காலம்) பக்கமும், சப்போர்ட் கட்டருக்குப் பக்கத்திலும் இருக்கட்டும்.

அடுத்தது டேபிள் ஓடும் திசை. கட்டரின் பல் போகும் திசையிலேயே ஜாபும் போனால் முகம் நன்றாக வரும் என்பது உண்மைதான். ஆனால் பேக்லாஷை (டேபிள் திருகுக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள தளர்வை)க் கட்டுப்படுத்தும் அமைப்பு உள்ள மெஷினில்தான் அப்படி ஓட்டலாம். திருகில் ப்ளே உள்ள பழைய மெஷினில் கட்டர் ஜாபைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். டேபிள் துள்ளும், பல் உடையும், ஆர்பர் வளையும். எதிர்த்திசையிலேயே ஓட்டுங்கள். அப்போது கட்டர் ஜாபை மேலே தூக்கப் பார்க்கும் என்பதால் கிளாம்பில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கட்டரை ஷாஃப்டின் நடுவில் நிறுத்துவதைக் கண்ணளவில் செய்பவர்களும் உண்டு. ஷாஃப்டின் பக்கத்தில் மெல்லிய தாளைப் பிடித்து, கட்டரைக் கையால் சுற்றியபடி நெருக்குங்கள். தாள் இழுபட்டதும் நிறுத்தி, டேபிளை இறக்கி, ஷாஃப்டின் பாதி 25 மி.மீ.யும் கட்டரின் பாதி 7 மி.மீ.யும் தாளின் கனமும் சேர்த்து நகர்த்தினால் நடு வந்துவிடும். முழுதும் ஒரே திசையில் திருக வேண்டும். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்வாங்கி மறுபடி வாருங்கள்.

வேகத்தை அதிகம் வைத்து எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) கட்டரைக் கருக்குவதும் சகஜம். மைல்டு ஸ்டீலுக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வைத்தால், 100 மி.மீ. கட்டர் ஏறக்குறைய 80 சுற்றுதான் சுற்ற வேண்டும். பார்க்க மெதுவாகத்தான் தெரியும். வார்ப்பிரும்பை உலர்வாகவே வெட்டுங்கள். கூலன்ட் ஊற்றினால் தூளும் அதுவும் சேர்ந்து சேறாகி, டேபிள் சறுக்கும் வழித்தடத்தில் ஒட்டும்.

கியர் வெட்டுபவர்கள் இன்டெக்ஸ் ஹெட்டில் (ஜாபைச் சம பாகமாகத் திருப்பும் கருவியில்) கணக்குத் தவறுவார்கள். கைப்பிடி 40 சுற்று சுற்றினால் ஜாப் ஒரு சுற்று. 28 பல்லுக்கு 40-ஐ 28-ஆல் வகுத்தால் ஒரு முழுச் சுற்றும் ஏழில் மூன்று பாகமும். இன்டெக்ஸ் தட்டின் 21 துளை வட்டத்தில் அது 9 இடைவெளி. கைப்பிடியின் முள் நிற்கும் துளையை ஒன்று என்று எண்ணி ஒன்பதாவது துளையில் போட்டால் 8 இடைவெளிதான் நகரும். வேடிக்கை என்னவென்றால், கியர் பார்க்க நன்றாகவே இருக்கும். எண்ணினால் 29 பல் வரும், கடைசிப் பல் மட்டும் கொஞ்சம் மெலிந்திருக்கும். துளைகளை எண்ணிவைக்க உதவும் செக்டர் கைகளுக்குள் முள் நிற்கும் துளையோடு சேர்த்து 10 துளை இருக்கட்டும். கியர் கட்டரின் எண்ணும் பல் எண்ணிக்கைக்கேற்ப மாறும். 26 முதல் 34 பல் வரை நான்காம் எண். மாட்யூல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்) 2 என்றால் பல்லின் ஆழம் 4.5 மி.மீ.

பாதுகாப்பில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இந்த மெஷினில் கட்டர் திறந்தே சுற்றுகிறது. கைலியோ முண்டோ கட்டிக்கொண்டு, கையுறை போட்டுக்கொண்டு, வேஸ்ட் துணியால் ஓடும் கட்டரில் துருவலைத் தள்ளுவது விரலைக் கொடுப்பதற்குச் சமம். நிறுத்திவிட்டுப் பிரஷ்ஷால் தள்ளுங்கள்.

கோயமுத்தூரில் பழைய மெஷின் வாங்கப் போகிறீர்களா? பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். டேபிள் கைப்பிடியை முன்னும் பின்னும் திருப்பி, டேபிள் அசையாமல் எவ்வளவு தூரம் சுற்றுகிறது என்று கைப்பிடியின் டயலில் பாருங்கள். வழித்தடத்தின் நடுப்பகுதிதான் அதிகம் தேய்ந்திருக்கும், அங்கேயும் திருப்பிப் பார்க்க வேண்டும். இன்டெக்ஸ் தட்டுகள், ஆர்பர்கள், காலர்கள் எல்லாம் கூடவே வருமா என்று கேட்டபின் விலை பேசுங்கள். ஆர்பர் 27 மி.மீ.யா ஒரு இஞ்சா என்றும் அளந்துகொள்ளுங்கள். ஒரு இஞ்சு துளைக் கட்டர் 27-ல் ஏறாது, கட்டர் எல்லாம் புதிதாக வாங்க வேண்டியிருக்கும்.