மலைநாட்டில் சின்ன டெலஸ்கோப்பால் வானம் பார்க்கிறவர்களுக்கு

டெலஸ்கோப் வாங்கியதும் எல்லாரும் தேடிப் படிப்பது வெளிநாட்டுக்காரர் எழுதிய குறிப்புகளைத்தான். அவை நல்ல குறிப்புகள், நானும் அவற்றைப் படித்துத்தான் பழகினேன். ஆனால் அவர்கள் தலைக்கு மேலே இருக்கிற வானம் வேறு. நாம் இலங்கை மலைநாட்டில், மத்திய கோட்டுக்கு வடக்கே 7 பாகையில், 1,000 மீற்றருக்கு மேலே, மழைக்கும் மூடுபனிக்கும் நடுவில் இருக்கிறோம். நம் மலைக்கென்று தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை இருக்கின்றன. அவற்றைத்தான் எழுதுகிறேன்.

நான் நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறேன். பெக்டரிக்குப் பின்னால் உள்ள மலை உச்சிதான் நான் வானம் பார்க்கிற இடம்.

வாங்கும்போது

பெட்டியில் "525 மடங்கு" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தால் அதைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். வில்லையின் அல்லது ஆடியின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். அந்த டெலஸ்கோப் தாங்குகிற உச்ச அளவு அதுதான். 60 மில்லிமீற்றருக்கு 120 மடங்கு. அதற்கு மேலே போனால் பெரிதாகத் தெரியும், கலங்கலாகவும் தெரியும். இன்னொன்று: 114 மில்லிமீற்றர் ஆடி, குவியத்தூரம் (ஆடியிலோ வில்லையிலோ இருந்து படம் குவிகிற இடம் வரையுள்ள தூரம்) 1,000 மில்லிமீற்றர் என்று எழுதியிருக்கும், குழாயோ அரை மீற்றர்கூட நீளம் இருக்காது. உள்ளே ஒரு மலிவு வில்லையைச் செருகித்தான் அந்தக் கணக்கைக் காட்டுகிறார்கள். அதில் கோள்கள் துல்லியமாக வராது.

70 மில்லிமீற்றர் வில்லை, 700 குவியத்தூரம் என்றால் தொடங்குவதற்குத் தாராளம். 114 ஆடி, 900 குவியத்தூரம் இன்னும் நல்லது. கைக்கு எட்டினால் 130, 150 மில்லிமீற்றர் மேசை டொப்சோனியன் (மேசையில் வைத்துத் திருப்புகிற பெட்டித் தாங்கியுள்ள ஆடி டெலஸ்கோப்) தான் என் தெரிவு. வாங்கும்போது தாங்கியையும் பாருங்கள். எடைக்கட்டி தொங்குகிற, துருவ நட்சத்திரத்தைக் குறிவைத்து நிறுத்த வேண்டிய தாங்கி நமக்கு வேண்டாம். துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்திலிருந்து 7 பாகைதான் உயரும். நம் ஊரில் அந்த 7 பாகையில் ஒரு மலை நிற்கும், மலை இல்லாவிட்டால் மூடுபனி நிற்கும். அந்தத் தாங்கிகள் பலவற்றை அவ்வளவு சரித்து வைக்கவும் முடியாது, எடைக்கட்டித் தண்டு காலில் போய் இடிக்கும். இடம் வலம், மேல் கீழ் என்று நேராகத் திரும்புகிற தாங்கி போதும்.

எப்போது, எங்கே

ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, நுவரெலியா பக்கம் இருப்பவர்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் அறுவடைக் காலம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை நம்மை வானம் பார்க்க விடாது. அதே ஜூன், ஜூலையில் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் காய்ந்து கிடக்கும். காற்று பலமாக அடிக்கும், ஆனால் நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும். அந்தப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் டெலஸ்கோப்பையும் தூக்கிக்கொண்டு போய் வாருங்கள். வடகீழ் பருவமழையில் அப்படியே தலைகீழ், அவர்கள் நம் பக்கம் வரலாம்.

சாயந்தரம் ஒரு மழை கொட்டி, பிறகு வெளிக்கிற இரவை விட்டுவிடாதீர்கள். காற்றிலுள்ள தூசியையும் புகையையும் மழை கழுவிவிடும்.

லயத்து வாசலில் வைத்துப் பார்க்கிறவர்கள் தகரக் கூரைக்கு மேலாகப் பார்க்க வேண்டாம். பகல் முழுதும் வாங்கிய சூட்டைக் கூரை இரவில் விட்டுக்கொண்டிருக்கும், அடுப்புப் புகையும் சேரும். வியாழனைத் திருப்பினால் கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடக்கிற காசு மாதிரி நெளியும். பெக்டரி, தார் ரோட்டு, சிமெந்துத் தரை எல்லாம் இப்படித்தான். தேயிலைச் செடிக்கு மேலாகப் பார்த்தால் படம் அமைதியாக இருக்கும். பள்ளத்தை விட மேடு நல்லது. நள்ளிரவுக்குப் பிறகு காசல்ரீ நீர்த்தேக்கத்தில் எழும்புகிற பனி முதலில் பள்ளத்தைத்தான் நிரப்பும்.

தனியாகப் போக வேண்டாம். சிறுத்தைப் புலி நடமாடுகிற மலைகள் இவை. இரண்டு மூன்று பேராகப் போங்கள், போகிற இடத்தை வீட்டிலும் வாச்சரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். மழைக்குப் பிறகு என்றால் அட்டைக்கு உப்பும் கையில் இருக்கட்டும்.

ஈரம்

மலைநாட்டில் வானம் பார்க்கிறவருக்கு மேகத்தை விடப் பெரிய எதிரி இதுதான். எங்கள் வேலையில் கொழுந்து வாட்டுவதற்கு உலர்குமிழ், ஈரக்குமிழ் என்று இரண்டு வெப்பமானிகளைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு வாசிப்பை எழுதிக்கொண்டே இருப்போம். இரண்டுக்கும் வித்தியாசம் கூட இருந்தால் காற்று காய்ந்திருக்கிறது, கொழுந்து நன்றாக வாடும். வித்தியாசம் குறைந்தால் ஈரம். அதே வாசிப்பை நான் டெலஸ்கோப்புக்கும் பயன்படுத்துகிறேன். இரண்டும் பரனைற்றில் இரண்டு பாகைக்குள் நெருங்கிவிட்டதென்றால் இன்னும் கொஞ்ச நேரத்தில் வில்லை வேர்க்கும். வீட்டிலும் செய்து பார்க்கலாம்: ஒரே மாதிரி இரண்டு வெப்பமானிகள் வாங்கி, ஒன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றி, துணியின் நுனியைத் தண்ணீரில் விட்டால் போதும்.

வேர்ப்பதைத் தள்ளிப்போட, வில்லைக்கு முன்னால் கறுப்பு ரெக்சினையோ தடித்த கறுப்பு அட்டையையோ குழாயாகச் சுருட்டி நீட்டுங்கள். நீளம் வில்லையின் விட்டத்தைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. 70 மில்லிமீற்றருக்கு 12 சென்ரிமீற்றர் சரியாக இருக்கும். ஐபீஸை, அதாவது கண்ணை வைத்துப் பார்க்கிற சின்ன வில்லையை, சட்டைப் பைக்குள் வைத்து உடம்புச் சூட்டில் காப்பாற்றுங்கள். குளிரில் ஐபீஸுக்கு மேலே மூச்சு விடாமல் பார்க்கவும் பழக வேண்டும், ஒரு மூச்சே அதை மங்கலாக்கும். வேர்த்துவிட்டால் துணியால் துடைக்காதீர்கள், பூச்சு கீறிவிடும். வெறும் காற்றை விசிறி உலர விடுங்கள்.

வெளியே வைத்தவுடன் பார்க்கவும் கூடாது. வீட்டுச் சூடு குழாயை விட்டுப் போக அரை மணி நேரம் வேண்டும். அதற்குள் கண்ணும் இருட்டுக்குப் பழகிவிடும். அந்தப் பழக்கம் கெடாமல் இருக்க டோர்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

குறிவைத்தல்

பைண்டரை, அதாவது குறிபார்க்கப் பெரிய குழாயின் மேல் பூட்டியிருக்கிற சின்னக் குழாயை, சரிசெய்யாமல் இருட்டில் போய்த் தடவுகிறவர்கள்தான் முதல் வாரத்திலேயே டெலஸ்கோப்பை அலுமாரிக்கு மேலே தூக்கிப் போடுகிறார்கள். வெளிச்சம் இருக்கும்போதே தூரத்துக் கோபுரம் ஒன்றைப் பெரிய குழாயில் நடுவுக்குக் கொண்டுவந்து, பைண்டரின் திருகுகளால் அதே கோபுரத்தை அங்கேயும் நடுவுக்கு இழுங்கள். சிவனொளிபாதமலைப் பருவத்தில், டிசம்பர் போயாவிலிருந்து மே போயா வரை, எங்களுக்குக் கோபுரம் தேவையில்லை. இருட்டியதும் மலை உச்சியில் எரிகிற விளக்கே போதும்.

எதைப் பார்த்தாலும் 25 மில்லிமீற்றர் ஐபீஸில் தொடங்குங்கள். குவியத்தூரம் 900 என்றால், அதை 25ஆல் வகுக்க 36 மடங்கு. பொருள் நடுவுக்கு வந்த பிறகுதான் 10 மில்லிமீற்றர், 90 மடங்கு. அந்த அளவில் பூமி சுழல்வது கண்ணுக்கே தெரியும், ஒரு கோள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு ஓட இரண்டு நிமிடம்தான். துரத்திக்கொண்டு போகாமல் வருகிற பக்கத்து விளிம்பில் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். ஆட்டம் நின்று, கோள் தானாகக் கடந்து போகும்போதுதான் நுணுக்கம் தெரியும்.

கோள்கள்

இதில் நமக்குக் கிடைத்திருப்பது பெரிய வரம். இலண்டனில் சில வருடங்கள் கூரைக்குச் சற்று மேலே ஊர்ந்து போகிற கோள் நமக்கு வெகு உயரத்தில் வரும். மேலே பார்க்கும்போது நடுவில் இருக்கிற காற்றும் குறைவு. ஆனால் சரியாக உச்சிக்கு வந்துவிட்டால் நம் தாங்கியால் திருப்புவது கஷ்டம், அதற்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ பிடியுங்கள்.

வியாழனில் இரண்டு பட்டைகளும் நான்கு நிலவுகளும் 70 மில்லிமீற்றரிலேயே தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ கண்டவை அந்த நிலவுகள்தான். எட்டு மணிக்கு அவை நிற்கிற வரிசையைக் கொப்பியில் புள்ளி வைத்து வரையுங்கள், பத்து மணிக்கு மறுபடி வரையுங்கள். உள்ளே இருக்கிற அயோ 42 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடித்துவிடும், அதனால் இரண்டு மணி நேரத்தில் அதன் இடம் மாறியிருப்பது பிள்ளைகளுக்கே விளங்கும்.

சனியின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்பு காட்டி நின்றது, இப்போது வருடாவருடம் திறந்துகொண்டு வருகிறது. 30 மடங்கில் வளையத்தை இனங்காணலாம், 90 மடங்கில் வளையத்துக்கும் கோளுக்கும் நடுவில் இருட்டு இடைவெளி தெரியும். 2026 ஒக்டோபர் 4 சனிக்கு நல்ல நாள். 2027 பெப்ரவரியில் வியாழனும் செவ்வாயும் சிம்மத்தில், மகம் நட்சத்திரத்துப் பக்கம் பிரகாசமாக இருக்கும். நம் நல்ல காலத்திலேயே அது வருகிறது.

சந்திரனைப் போயா அன்று பார்க்க எல்லாரும் ஆசைப்படுவார்கள், லீவு நாள் வேறு. ஆனால் அன்று நிழலே இராது, மலையும் பள்ளமும் தட்டையாகிவிடும். வளர்பிறை பஞ்சமியிலிருந்து தசமிக்குள் பாருங்கள். தசமிப் பக்கம் கொப்பர்நிக்கஸ் பள்ளத்தின் சுவர் நிழல் உள்ளே விழுந்திருப்பதைக் காணலாம்.

சூரியனை மட்டும் டெலஸ்கோப்பாலோ பைண்டராலோ ஒருபோதும் பார்க்காதீர்கள். ஒரு கணமே கண்ணை எடுத்துவிடும். பகலில் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் மூடி வையுங்கள்.

தொலைதூரப் பொருள்கள்

பெப்ரவரி இருட்டில் திருவாதிரைக்குப் பக்கத்தில் மூன்று நட்சத்திரங்கள் நேர்கோட்டில் நிற்கும். அதற்குத் தெற்கே மங்கலாக ஒரு சின்ன வரிசை. அதன் நடுவில் டெலஸ்கோப்பைத் திருப்பினால் ஒரியன் நெபுலா என்கிற வாயு மேகம், பட்டியலில் எம் 42. படங்களில் உள்ள இளஞ்சிவப்பு வராது, மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது. சாம்பல் நிற மேகம் சிறகு விரித்த மாதிரி இருக்கும், அதன் நெஞ்சில் நான்கு நட்சத்திரங்கள் நெருங்கி நிற்கும். நேரே முறைக்காமல் பார்வையைச் சற்று ஓரத்துக்கு நகர்த்துங்கள், மேகம் இன்னும் விரிந்து தெரியும். குழாயை விரலால் மெல்லத் தட்டினாலும் மங்கலான ஓரங்கள் எழும்பி வரும். அந்த ஒளி புறப்பட்டு 1,300 வருடங்களுக்கு மேலாகிறது. கார்த்திகைக் கூட்டத்துக்கு ஆகக் குறைந்த மடங்கு போதும்.

நமக்கு மட்டும் கிடைக்கிற செல்வம் தெற்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் நள்ளிரவு, ஜூன் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணி: தென்சிலுவைக்குக் கிழக்கே இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள். கிழக்கே இருப்பது அல்ஃபா சென்டாரி, 90 மடங்கில் இரண்டாகப் பிரியும். சிலுவைக்குக் கிட்ட இருப்பது பீட்டா. பீட்டாவிலிருந்து வடக்கே அடுத்த நட்சத்திரமான எப்சிலோனுக்கு ஒரு கோடு போட்டு, அதே கோட்டில் ஏறக்குறைய அவ்வளவு தூரம் மறுபடி போங்கள். அங்கே பைண்டரில் ஒரு பஞ்சுப் புள்ளி தெரியும். ஒமேகா சென்டாரி, 17,000 ஒளியாண்டு தூரத்தில் நட்சத்திரங்கள் பந்தாகத் திரண்டிருக்கிற கோளக் கொத்து. 70 மில்லிமீற்றரில் பெரிய ஒளிப்பந்து, 150 மில்லிமீற்றரில் ஓரமெல்லாம் பொடிப்பொடியாக நட்சத்திரம். வட ஐரோப்பியருக்கு இது உதிப்பதே இல்லை, நமக்கு 35 பாகை உயரம் வருகிறது. எங்கள் பக்கம் தெற்கே மலை மறைக்கும். ஹப்புத்தளையில் தெற்கு அப்படியே பள்ளத்தாக்காக இறங்குவதால் அடிவானம் வரை திறந்திருக்கும். மூடுபனி இல்லாத இரவு வாய்த்தால் அங்கே போய்ப் பாருங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

ஈரத்தோடு மூடியைப் போட்டுவிட்டால் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிக்கும், அது பிடித்தால் எடுப்பது கஷ்டம். ஒரு மணி நேரம் திறந்து உலர விட்டு, பிறகு மூடி, சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் வையுங்கள். ஐபீஸ்களை இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கலாம். நீல நிறச் சிலிக்கா ஜெல் ஈரத்தை உறிஞ்சியதும் இளஞ்சிவப்பாகும். மெல்லிய சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகிவிடும், திரும்பவும் பயன்படுத்தலாம். அந்த நீலச் சாயம் நஞ்சு என்பதால் சமைக்கிற தாச்சியில் போடாதீர்கள், அதற்கென்று ஒரு பழைய தகரத்தை ஒதுக்கி, யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வறுங்கள்.