ஏ, ஆன், த: விடை ‘ஐ’யில் இருந்தது

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆர்டருக்கு எழுதிய ஆங்கிலக் கடிதம் மூன்று நாளாகத் திருத்தத்தோடு திரும்பியது. எல்லாம் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘ஏ’ (a), ‘ஆன்’ (an), ‘த’ (the) சிக்கல்.

‘ஒரு’ வந்தால் ‘ஏ’, ‘அந்த’ வந்தால் ‘த’ என்று போட்டுப் பார்த்தேன். பாதிதான் தேறியது; தமிழில் இரண்டையும் விட்டுவிடுகிறோமே.

கைகொடுத்தது இரண்டாம் வேற்றுமை உருபான ‘ஐ’. ‘டிரம் அனுப்பினோம்’ என்றால் ஏதோ ஒன்று: ‘ஏ டிரம்’. ‘டிரம்மை அனுப்பினோம்’ என்றால் இருவருக்கும் தெரிந்தது: ‘த டிரம்’. ஆட்களுக்கு இது செல்லாது. ‘டிரைவரைப் பார்த்தேன்’ என்பதில் ‘ஐ’ எப்படியும் வரும்.

கூழை எண்ண முடியாது, ஆகவே வெறும் ‘பல்ப்’ (pulp). போன வாரம் அனுப்பிய கூழ் என்றால் ‘த பல்ப்’.

‘ஆன்’ அடுத்த சொல்லின் முதல் எழுத்தைப் பார்க்காது, அது உயிரொலியில் தொடங்குகிறதா என்றுதான் பார்க்கும்: ‘ஏ யூனிட்’, ‘ஆன் ஹவர்’, ‘ஆன் ஊத்தங்கரை லாரி’. ஆற்றுக்கு ‘த தென்பெண்ணை’. ஊருக்கு எதுவும் வேண்டாம்.